வடிவம் கலையாத கிறிஸ்துமஸ் குக்கீ: நெல்லைச் சீமை அடுக்களைக்கு ஒரு முழு வழிகாட்டி

வெட்டிச் சுடும் கிறிஸ்துமஸ் குக்கீக்கு எந்தச் செய்முறையை எடுத்தாலும் முதல் வரியில் 'அறை வெப்பத்தில் உள்ள வெண்ணெய்' என்றிருக்கும். அது குளிர் நாட்டில் இருந்துகொண்டு எழுதிய வரி. அங்கே அறை வெப்பம் என்றால் 18, 20 டிகிரி. பாளையங்கோட்டையில் டிசம்பர் பகலிலும் அடுக்களை 29, 30 டிகிரியில் இருக்கும். பக்கத்து அடுப்பில் அதிரசத்துக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தால் இன்னும் கூடும். வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினால் உருகத் தொடங்கிவிடும். அப்படிப் பாதி இளகின மாவை நட்சத்திரமாக வெட்டி அடுப்பில் வைத்தால், மாவு வெந்து இறுகுவதற்கு முன்னாலேயே வெண்ணெய் உருகி ஓடி, முனையெல்லாம் மழுங்கி வட்டமாகத்தான் வெளியே வரும்.

அதனால் நம் ஊரில் இந்த வேலைக்கு ஒரே ஒரு விதிதான்: மாவு எப்போதும் குளிர்ந்தே இருக்க வேண்டும். பிசைந்ததும் குளிர வைக்க வேண்டும், தேய்த்ததும் குளிர வைக்க வேண்டும், வெட்டியதும் இன்னொரு தடவை குளிர வைக்க வேண்டும். செய்முறை எதுவானாலும் இந்த மூன்றையும் விடாதவர்களுக்கு வடிவம் நிற்கும்.

இரண்டாவது தொந்தரவு ஈரம். வடகிழக்குப் பருவமழையின் கடைசிப் பகுதி டிசம்பரில்தான் வரும். ஐசிங் காயாது, சுட்ட குக்கீ நமத்துப்போகும். அதற்கும் வழி உண்டு, பின்னால் சொல்கிறேன்.

எந்த நாளில் எந்த வேலை

டிசம்பர் 23, 24 இரண்டு நாளும் அடுப்பு உங்களுக்குக் கிடைக்காது. முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, அதிரசம் எல்லாம் அப்போதுதான் நடக்கும். ராத்திரியில் வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் வருவார்கள், அதிகாலை ஆராதனைக்கு வேறு எழுந்திருக்க வேண்டும். குக்கீ வேலையை அதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். 20ஆம் தேதி ராத்திரி மாவு பிசைந்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். 21 சுடுவதற்கு, 22 ஐசிங்குக்கு. 23 முழுக்கக் காயட்டும். ஐசிங் இல்லாத குக்கீ காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் நிற்கும், ஐசிங் போட்டது ஒரு வாரம் தாராளமாக நிற்கும். முன்கூட்டிச் செய்வதால் ருசி ஒன்றும் குறைவதில்லை.

மாவுக்கு வேண்டியவை

ஏழு சென்டிமீட்டர் அகலத்தில் ஏறக்குறைய 25 குக்கீ வரும் அளவு இது.

மைதா 250 கிராம்
உப்பில்லாத வெண்ணெய் 125 கிராம்
பொடித்த சீனி 100 கிராம்
முட்டை மஞ்சள் கரு 1
குளிர்ந்த பால் 1 மேசைக்கரண்டி
வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன்
உப்பு கால் டீஸ்பூன்

தராசில் நிறுத்துப் போடுங்கள். ஒரு கப் மைதாவை அமுக்கி அள்ளினால் 150 கிராம் வரும், லேசாக அள்ளினால் 120 கிராம்தான் வரும். இந்த 30 கிராமில்தான் குக்கீ கல்லாவதும் பரவிப்போவதும் இருக்கிறது.

கடையில் கிடைப்பது உப்பு போட்ட வெண்ணெய் என்றால் அதையே வாங்கலாம், தனியாக உப்பு சேர்க்க வேண்டாம். வீட்டில் கடைந்த வெண்ணெயில் தண்ணீர் அதிகம், மாவு கையில் ஒட்டும். அதுதான் வேண்டும் என்றால் குளிர்ந்த தண்ணீரில் அலசி, துணியில் வைத்து நன்றாகப் பிழிந்த பிறகு நிறுங்கள். நெய் இதற்குச் சரிப்படாது. நெய் பிஸ்கட்டின் பொலபொலப்பு நெய்யில் துளியும் தண்ணீர் இல்லாததால் வருவது, அந்த மாவைத் தேய்த்து வெட்டினால் விண்டுபோகும். வனஸ்பதியில் வடிவம் நன்றாக நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பண்டிகைப் பலகாரத்துக்கு அதைப் போடுவதை நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

பேக்கிங் பவுடர் சேர்க்க வேண்டாம். உப்பி வந்தால் ஓரம் மழுங்கும், மேற்பரப்பு மேடு பள்ளமாகி ஐசிங் ஒரு பக்கம் வழியும்.

முட்டையில்லாமல் ஒரு பங்கு கட்டாயம் செய்யுங்கள் என்பேன். நம் பலகாரத் தட்டு பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போகிறது. அந்த நேரம் மார்கழி பிறந்திருக்கும், ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களும் இருப்பார்கள். மஞ்சள் கருவையும் பாலையும் விட்டுவிட்டு 2 மேசைக்கரண்டி குளிர்ந்த பால் ஊற்றினால் போதும். மாவு சேரவில்லை என்றால் இன்னும் ஒரு டீஸ்பூன். இதை முதலில் சுட்டுத் தனி டப்பாவில் எடுத்து வைத்துவிட்டால், எது யாருக்கு என்ற குழப்பம் இருக்காது. கடையில் ஐசிங்குக்கென்று விற்கும் மெரிங் பவுடரும் முட்டையில் செய்ததுதான், அதனால் இந்தப் பங்குக்கு ஐசிங்கும் தனி.

பிசைவது

வெண்ணெயை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சிறு துண்டாக நறுக்கி, பத்து நிமிடம் மட்டும் வெளியே வையுங்கள். விரலால் அமுக்கினால் குழி விழ வேண்டும், விரலில் பளபளப்பு ஒட்டக் கூடாது. ஒட்டினால் திரும்ப உள்ளே போகட்டும்.

சீனியையும் வெண்ணெயையும் மரக்கரண்டியால் கலந்து, சீனி மறைந்ததும் நிறுத்துங்கள். கேக்குக்கு அடிப்பது போல வெளுத்து நுரைக்கும்வரை அடிக்க வேண்டாம். உள்ளே போகும் காற்று அடுப்பில் உப்பும். அப்புறம் மஞ்சள் கரு, பால், எசென்ஸ், உப்பு. கடைசியாக மைதாவைச் சலித்துப் போட்டு, நுனி விரலால் திரட்டிச் சேருங்கள். சப்பாத்திக்குப் பிசைவது போல அழுத்திப் பிசைந்தால் மாவில் இழுவை ஏறும், வெட்டின வடிவம் அடுப்பில் சுருங்கும். உலர்ந்த மாவு கண்ணில் படாத அளவுக்குச் சேர்ந்தால் போதும்.

உருண்டையாகப் பிடிக்காமல் இரண்டு தட்டையாகப் பிரித்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். தட்டையாக இருந்தால் நடுவரைக்கும் சீக்கிரம் குளிரும். குறைந்தது ஒரு மணி நேரம், ராத்திரி முழுக்க என்றால் இன்னும் நல்லது. மூன்று நாள் வரை அப்படியே இருக்கலாம்.

தேய்ப்பதும் வெட்டுவதும்

தேய்க்கும் இடத்தையும் குளிர வைக்கலாம். அடுக்களை மேடையில் கடப்பைக் கல்லோ கிரானைட்டோ இருந்தால், ஐஸ் தட்டை அதன் மேல் பத்து நிமிடம் வைத்து எடுத்து, ஈரத்தை நன்றாகத் துடைத்துவிட்டு அங்கே தேய்க்கலாம். காலை ஆறு, ஏழு மணிக்குச் செய்தால் பாதிப் பாடு மிச்சம்.

மாவை இரண்டு பேக்கிங் பேப்பருக்கு நடுவில் வைத்துத் தேய்ப்பது நல்லது. கீழே மைதா தூவித் தேய்த்தால், தூவத் தூவ மாவு இறுகிவிடும். மெழுகு பூசிய தாள் தேய்ப்பதற்கு ஆகும், அடுப்புக்குள் ஆகாது, மெழுகு உருகிப் புகையும். வாங்கும்போதே அடுப்புக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள்.

கனம் 5 மில்லிமீட்டர். இதைக் கண்ணால் அளக்க வேண்டாம். அதே கனத்தில் இரண்டு மரச் சட்டத்தை மாவின் இரு பக்கமும் வைத்து, பூரிக்கட்டை அவற்றின் மேல் உருளும்படி தேய்த்தால் மேடு பள்ளம் வராது. ஒரு பக்கம் மெல்லிசாகவும் ஒரு பக்கம் கனமாகவும் இருந்தால் ஒன்று கருகும், ஒன்று வேகாது.

தேய்த்த தாளோடு தூக்கி ஒரு தட்டில் வைத்து, 20 நிமிடம் ஃபிரிட்ஜில். வெளியே எடுத்தால் அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும், இப்போதுதான் வெட்ட வேண்டும். அச்சை மைதாவில் ஒரு தடவை தொட்டு, நேராக அமுக்கி நேராகத் தூக்குங்கள். திருகினால் முனை கலையும். வடிவங்களை நெருக்கி நெருக்கி வெட்டுங்கள், மிச்சத்தைச் சேர்த்துத் திரும்பத் தேய்க்கத் தேய்க்கக் குக்கீ கடினமாகும். இரண்டாவது தடவை தேய்த்ததை வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அச்சுக்கு அலைய வேண்டியதில்லை. பாளையங்கோட்டையிலும் நெல்லை ஜங்ஷனிலும் கேக் சாமான் விற்கும் கடைகளில் நட்சத்திரம், மணி, மரம் எல்லாம் கிடைக்கும். டம்ளர் வாயால் வட்டம் வெட்டலாம். மற்றதற்கு ஒரு அட்டையும் கூரான கத்தியும் போதும். நம் ஊர் வடிவம் வேண்டும் என்றால் அட்டைதான் வழி.

நான் விரும்பிச் செய்வது இரண்டு. ஒன்று, பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம், அதாவது தூய திரித்துவப் பேராலயத்தின் கூரான கோபுரம். அட்டையில் கீழே ஒரு சதுரம், அதன் மேல் உயரமான முக்கோணம். ஆனால் கோபுரத்தின் முனையை அப்படியே ஊசியாக வெட்டினால், கீழ்ப் பாகம் வேகுமுன் முனை கருகிவிடும், ஆறியபின் தொட்டால் ஒடிந்தும் போகும். முனையை ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு மழுக்கி வெட்டிவிட்டு, ஐசிங் கோட்டைக் கூராக முடித்தால் பார்ப்பவர் கண்ணுக்கு அது ஊசிதான். இன்னொன்று பனைமரம். ஓலை ஓலையாக வெட்டப் பார்க்க வேண்டாம். தலையை ஒரே விசிறியாக வெட்டி, தண்டை ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் விட்டு, ஓலைகளை ஐசிங்கில் வரைந்துகொள்ளுங்கள்.

வெட்டியவற்றைத் தட்டையான கரண்டியால் எடுத்து, பேக்கிங் பேப்பர் விரித்த டிரேயில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு வையுங்கள். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுவதற்கு என்றால் ஸ்டிராவால் இப்போதே துளை போட வேண்டும், அது ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். டிரேயோடு ஃபிரீசரில் பத்துப் பதினைந்து நிமிடம். டிரே கொள்ளாது என்றால் சின்னத் தட்டுகளில் வைத்துக் குளிர வைத்து, தாளோடு டிரேக்கு மாற்றலாம். இந்தக் கடைசிக் குளிர்ச்சியைத்தான் எல்லாரும் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். வடிவத்தைக் காப்பாற்றுவதே இதுதான்.

சுடுவது

ஓ.டி.ஜி. என்கிற மின்சார அவன் என்றால் 170 டிகிரியில், மேல் கம்பி கீழ்க் கம்பி இரண்டும் எரிய, 15 நிமிடம் முன்னாலேயே சூடாக்குங்கள். வீட்டு அடுப்புகளின் திருகில் உள்ள எண்ணை அப்படியே நம்ப முடியாது, 20 டிகிரி முன்னே பின்னே இருக்கும். உள்ளே வைக்கிற சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டால் பல வருடக் குழப்பம் தீரும். நடுத்தட்டில் 11 முதல் 13 நிமிடம். எட்டாவது நிமிடத்தில் டிரேயைத் திருப்பி வையுங்கள்.

வெந்ததா என்று எப்படிப் பார்ப்பது? ஓரம் லேசாகப் பொன்னிறம் தொட்டிருக்கும், நடு இன்னும் வெளுப்பாகவே இருக்கும். ஒன்றைச் சட்டுவத்தால் மெல்லத் தூக்கி அடியைப் பாருங்கள். அடி முழுக்க இளம் பொன்னிறமாக இருந்தால் எடுத்துவிடலாம். மேலே தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் இறுகும். மேலேயும் சிவக்கட்டும் என்று விட்டால் ஆறியபின் கல்லாக இருக்கும். டிரேயிலேயே ஐந்து நிமிடம் விட்டுவிட்டு, அப்புறம் கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். துளை மூடியிருந்தால் சூட்டோடு ஸ்டிராவை ஒரு தடவை அழுத்தி எடுங்கள். பெரியதும் சிறியதும் ஒரே டிரேயில் வேண்டாம்.

ஓ.டி.ஜி. இல்லாதவர்களும் செய்யலாம். குக்கரை வெறுமனே காய வைப்பதைவிட, மூடி உள்ள கனமான பழைய இரும்புச் சட்டி நல்லது. அடியில் ஒரு சென்டிமீட்டர் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையமோ மூன்று கால் ஸ்டாண்டோ வைத்து, மூடி, மிதமான தீயில் பத்து நிமிடம் காய வையுங்கள். தாள் விரித்த சின்னத் தட்டில் நான்கைந்து குக்கீயை உள்ளே இறக்கி, தீயைக் குறைத்து 15 முதல் 20 நிமிடம். மேலே சூடு குறைவு என்பதால் நிறம் வராது, அடியைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். காத்திருக்கும் மற்றவை ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும். நேரம் பிடிக்கும், ஆனால் ருசியில் குறை இருக்காது.

ஐசிங்

குக்கீ முழுக்க ஆறியிருக்க வேண்டும். இளஞ்சூடு இருந்தால்கூட ஐசிங் வழியும்.

ராயல் ஐசிங்குக்கு ஒரு முட்டையின் வெள்ளைக் கரு, 200 கிராம் ஐசிங் சுகர், அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. மாவுக்கு மஞ்சள் கரு போனது, மிச்சம் இங்கே வரும். ஆனால் இது வேகாத முட்டை. சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் சாப்பிடுவார்கள் என்றால் மெரிங் பவுடருக்கு மாறிவிடுங்கள்: 200 கிராம் சீனிக்கு ஒன்றரை மேசைக்கரண்டி பவுடர், இரண்டரை மேசைக்கரண்டி தண்ணீர். முட்டையே வேண்டாம் என்றால் 200 கிராம் ஐசிங் சுகரில் 2 மேசைக்கரண்டி பாலும் 1 டீஸ்பூன் லிக்விட் குளுக்கோஸும் கலந்தால் பளபளப்பாக வரும். அது அவ்வளவு இறுகாது, ஒன்றன்மேல் ஒன்று அடுக்க ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும்.

மிக்ஸியில் பொடித்த சீனி மாவுக்குப் போதும், ஐசிங்குக்கு வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத குருணை, ஐசிங் பிழியும் கோனின் முனையை அடைக்கும். கடை ஐசிங் சுகரையும் பழைய வேட்டித் துணியில் ஒரு தடவை சலித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பதம் வேண்டும். ஓரக் கோடு போடுவதற்குக் கெட்டிப் பதம்: கரண்டியைத் தூக்கினால் முனை நின்று, நுனி மட்டும் லேசாகச் சாய வேண்டும். உள்ளே நிரப்புவதற்குத் தளர்ந்த பதம்: கெட்டி ஐசிங்கில் பாதியைத் தனியாக எடுத்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். கரண்டியிலிருந்து விழும் கோடு, மெதுவாகப் பத்து எண்ணுவதற்குள் மறைந்து சமமாக வேண்டும். ஐந்திலேயே மறைந்தால் தண்ணீர் கூடிவிட்டது, கொஞ்சம் சீனி சேருங்கள். கிண்ணத்தை ஈரத் துணியால் மூடியே வையுங்கள், ஐந்து நிமிடம் திறந்திருந்தாலும் ஏடு கட்டிவிடும்.

நிறத்துக்கு ஜெல் கலர் வாங்குங்கள். திரவக் கலர் பதத்தையே மாற்றிவிடும். பல்குத்தும் குச்சி முனையில் தொட்டுத் தொட்டுச் சேர்க்க வேண்டும். காயக் காய நிறம் கூடும் என்பதால், வேண்டியதைவிட ஒரு படி வெளுப்பாகவே நிறுத்துங்கள். சிவப்பை முந்தின நாளே கலந்து வைத்தால் நன்றாக ஏறும், நிறையக் கலர் போட்டுக் கசக்க விட வேண்டியதில்லை.

கோனுக்குக் கனமான பிளாஸ்டிக் தாள் போதும். மருதாணிக் கோன் சுற்றத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள், சுற்றுவதும் பிடிப்பதும் அதே கைதான். முனையை மிகச் சின்னதாக வெட்டுங்கள். கோனைக் குக்கீயில் உரசாமல் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து, கோடு தானாக விழும்படி நகர்த்த வேண்டும். ஓரக் கோடு போட்டுப் பத்து நிமிடம் கழித்து உள்ளே நிரப்பி, குச்சியால் மூலைகளுக்குத் தள்ளுங்கள். குமிழி வந்தால் உடனே குத்திவிடுங்கள். மேலே இன்னொரு நிறத்தில் புள்ளியோ கோடோ தனியாக நிற்க வேண்டும் என்றால், அடி ஐசிங் காய இரண்டு மூன்று மணி நேரமாவது விட வேண்டும். மழை நாளில் சிவப்பை வெள்ளைக்குப் பக்கத்தில் அவசரமாக வைத்தால் ஊறிப் பரவும்.

மழைக் காலத்தில் காய வைப்பது

ஐசிங் போட்ட உடனே மேசை மின்விசிறியை மிகக் குறைந்த வேகத்தில் வைத்து, அதற்கு எதிரே டிரேயை வையுங்கள். மேற்பரப்பு சீக்கிரம் ஏடு கட்டினால்தான் பளபளப்பு வரும், நடுவில் குழியும் விழாது. அந்த முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம். அப்புறம் 8 மணி நேரம், மழை விடாமல் பெய்தால் 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஓ.டி.ஜி.யை மிகக் குறைந்த சூட்டில் இரண்டு நிமிடம் போட்டு அணைத்துவிட்டு, கதவைப் பாதி திறந்து உள்ளே வைக்கலாம். தொட்டால் சுடாத சூடுதான் இருக்க வேண்டும். ஐசிங் போட்டதை எக்காரணம் கொண்டும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் வியர்த்து, கலர் எல்லாம் கலங்கிவிடும்.

கருப்பட்டி, சுக்கு குக்கீ

ஜிஞ்சர்பிரட் மனிதர்கள் என்ற ஆள் வடிவ இஞ்சிக் குக்கீ செய்ய, மொலாசஸ் என்கிற கரும்பின் கரும்பாகு தேடி யாரும் அலைய வேண்டாம். நம்மிடம் உடன்குடிக் கருப்பட்டி இருக்கிறது, சுக்கு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் வரும் வாசனைக்கு முன்னால் வெனிலா குக்கீ எனக்கு இரண்டாம் பட்சம்தான்.

100 கிராம் கருப்பட்டியைத் தட்டி, 2 மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து, மண்ணும் தூசும் போக வடிகட்டி, முழுக்க ஆற வையுங்கள். சூடாக ஊற்றினால் வெண்ணெய் உருகிப்போகும். 275 கிராம் மைதாவோடு கால் டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு டீஸ்பூன் சுக்குப் பொடி, அரை டீஸ்பூன் பட்டைப் பொடி, இரண்டு கிராம்பும் இரண்டு ஏலக்காயும் பொடித்துக் கலந்து சலியுங்கள். 100 கிராம் குளிர்ந்த வெண்ணெயை அதில் உதிர்த்து, கருப்பட்டிக் கரைசலை ஊற்றித் திரட்டுங்கள். முட்டை வேண்டாம். இந்த மாவு இளக்கமாக இருக்கும், இரண்டு மணி நேரமாவது குளிர வேண்டும். மற்றதெல்லாம் முன் சொன்னபடிதான். ஒன்று மட்டும் கவனம்: மாவே கருப்பாக இருப்பதால் நிறம் பார்த்து எடுக்க முடியாது. பத்தாவது நிமிடத்தில் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள், கெட்டிப்பட்டிருந்தால் எடுத்துவிடலாம். இதற்கு வெள்ளை ஐசிங் கோடு மட்டும் போதும், கலர் வேண்டாம்.

அடுக்குவதும் கொடுப்பதும்

நன்றாகக் காய்ந்தவற்றைத் தாள் இடையிட்டு டப்பாவில் அடுக்குங்கள். முறுக்கு, அதிரசத்தோடு ஒரே டப்பாவில் வேண்டாம், அதிரசத்தின் ஈரமும் எண்ணெயும் இதில் ஏறும். எறும்புக்கு, தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் டப்பாவை வைப்பதுதான் நம்பகமான வழி. மரத்தில் தொங்கவிடுவதை 24ஆம் தேதி சாயங்காலம் கட்டுங்கள், இந்த ஈரத்தில் இரண்டு நாளுக்கு மேல் நூலில் நிற்காது.

கொடுத்தனுப்ப ஓலைப்பெட்டி அருமையாக இருக்கும். ஓலையில் ஈரவாடை இல்லாமல் வெயிலில் ஒரு மணி நேரம் காய வைத்து, உள்ளே தாள் விரித்து, குக்கீயைப் படுக்கையாக அடுக்குங்கள். நிறுத்தி வைத்தால் கோபுர முனையும் நட்சத்திர முனையும் வழியிலேயே உடையும்.

ஐசிங் இல்லாத குக்கீ நமத்துப்போனால் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கி ஆற வைத்தால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். மாவு மிஞ்சினால் வெட்டின வடிவமாகவே ஃபிரீசரில் வையுங்கள், ஒரு மாதம் நன்றாக இருக்கும். புது வருட ஆராதனை முடிந்து ஆட்கள் வந்தால், கரைய விடாமல் அப்படியே டிரேயில் வைத்து ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாகச் சுட்டு எடுக்கலாம்.